சேற்றுக்கு ஒரு நாள்

அன்று நெரிடாவின் சமையலறையில் இருந்தவர்கள்: மெர்வ் ஹாஸ்லம், எழுபது வயது, முப்பத்தோரு வருஷம் வடக்கத்தி மண் சாலைகளைச் சமன்செய்யும் கிரேடர் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், அவருடைய மருமகள் நெரிடா, நெரிடாவின் அண்ணன் கோலின், டேங்கர் லாரி ஓட்டுகிறவன், அடுத்த அறைத் தொட்டிலில் டெஸ், நெரிடாவின் பதினான்கு மாதப் பெண் குழந்தை, தூக்கத்தில். இன்னொருவனையும் சேர்த்துக்கொள்ளலாம். மெர்வின் மகன், நெரிடாவின் புருஷன், ராஸ். அவன் செத்துப் பதினேழு மாதம் ஆகியிருந்தது. மேசை மேல் விரித்திருந்த வரைபடம் அவனுக்காகத்தான்.

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். போர்ட் அகஸ்டாவில் வெயில் கொஞ்சம் தணிந்திருந்தது. அந்தப் பக்கத்தில் குளிர்காலமான ஜூலையில் கிளம்பி, மரீ வழியாக பேர்ட்ஸ்வில் பாலைத் தடத்தில் ஏறி, ராஸ் விழுந்த இடத்தில் ஓர் இரும்புத் தகட்டை நடுவதாகத் திட்டம். தகட்டை கோலின் வெட்டிப் பற்றவைத்துத் தயாராக வைத்திருந்தான். அதில் பெயரும் இரண்டு தேதிகளும் மட்டும். வேறு எதுவும் எழுத நெரிடா சம்மதிக்கவில்லை. இந்தப் பயணத்துக்கே அவள் ஒரு வருஷத்துக்கு மேல் சம்மதிக்காமல் இருந்தவள்.

மெர்வுக்கு வேண்டியது ஒன்றுதான். அவளோடு அங்கே போய் நிற்க வேண்டும். அதற்குள் யாரும் எதையும் கேட்டுவிடக் கூடாது.

"மொத நாள் மரீ. அங்க டேங்க் ரொப்பிக்கறோம்," என்று கோலின் விரலை வரைபடத்தில் நகர்த்தினான். "மறுநாள் முங்கெரானி. ரெண்டு வண்டி, வண்டிக்கு ரெண்டு ஸ்டெப்னி."

"மூணு," என்றார் மெர்வ்.

"பெருசு, உன் கிரேடர் காலத்துக் கல்லு இல்ல இப்ப. ரோடு எவ்வளவோ தேவல."

"எவன் போடறான் இப்ப ரோடு? நான் விட்டப்புறம் வெண்ணெய் தடவற மாதிரி தடவிட்டுப் போறானுங்க. மூணு எடு."

"சரி, மூணு. உன்னையே உருட்டி விட்டா நாலு." கோலின் அவர் தொப்பையைப் பார்த்துச் சிரித்தான். ஆறு வருஷம் அவருடைய சாலைக் கேங்கில் தண்ணீர் லாரி ஓட்டியவன். அவரைக் கிண்டலடிக்கும் உரிமை அவனுக்கு உண்டு.

நெரிடா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணீர், ஆளுக்கு நாளைக்கு ஏழு லிட்டர். ஃபேன் பெல்ட். ரேடியேட்டர் குழாய். டின் மாட்டிறைச்சி. பொழுது சாய்ந்தபின் வண்டி ஓட்டுவதில்லை, கங்காரு குறுக்கே பாயும். பிறகு காகிதத்தின் தலையில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். வண்டியை விட்டு நடந்து போகக் கூடாது.

"இந்த ஒரு வரி மண்டையில ஏறியிருந்தா ஒருத்தன் இன்னிக்கு இங்க உக்காந்து கேக் தின்னுட்டு இருப்பான்," என்றாள். "மடையன். பால் குடிக்கற வயசுலேர்ந்து அந்த மண்ணுல கிடந்தவன். எல்லாருக்கும் பாடம் எடுப்பான், வண்டியோட இரு, வண்டியோட இருன்னு. கடைசியில நடந்து போனது யாரு?"

மெர்வ் தேநீரைக் கலக்கினார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.

இதைப் பதினேழு மாதமாகக் கேட்டுவருகிறார். சவ அடக்கத்தன்று கூட நெரிடா அழவில்லை, கோபப்பட்டாள். ஆறு மாத வயிற்றோடு நின்று பெட்டியைப் பார்த்து, உனக்கு அவ்வளவு அவசரமா என்று கேட்டாள். அப்போது மெர்வ் அவள் தோளில் கை வைத்து, "அவன் எப்பவும் அவசரக்காரன்தான் கண்ணு," என்றார். அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துக்கொண்டது. அதை வைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டினாள்.

நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராஸ் மாட்டுப் பண்ணைகளில் போர்வெல் பம்பு பழுது பார்க்கிறவன். நவம்பர் மாதம், அங்கத்திய நல்ல கோடையில், முங்கெரானிக்கு மேற்கே யாரும் போகாத ஒரு கிளைத்தடத்தில் ஒரு போர்வெல்லைச் சரிசெய்யப் போனான். செவ்வாய்க்கிழமை திரும்பும்போது வண்டி படுத்துவிட்டது. ரேடியோ அதற்கு முன்பே செத்திருந்தது. வண்டியின் அடியில், நிழலில் கிடந்தான். வெள்ளி இரவு தண்ணீர் தீர்ந்துபோய், குளிர்ச்சியில் தெற்கு நோக்கி நடந்தான். சனி காலை பத்து மணிக்குத் தேடும் விமானம் வண்டியைப் பார்த்தது. அவனை மதியம் கண்டெடுத்தார்கள், ஆறு கிலோமீட்டர் தள்ளி.

இவ்வளவும் போலீஸ் சொன்னது. ஒன்று மட்டும் மெர்வ் சொன்னது.

"சரி, பேப்பர்," என்றாள் நெரிடா. புதுத் தாளை எடுத்தாள். "இது யார்கிட்ட விட்டுட்டுப் போறது?"

வடக்கே போகிறவர்கள் யாரானாலும் ஒரு தாள் எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எந்த வழி, எத்தனை பேர், எந்த நாள் எந்த மணிக்குள் போன் வரும், வராவிட்டால் போலீஸைக் கூப்பிடு. ராஸ் எப்போதும் தன் தாளை அப்பாவிடம் கொடுப்பான். நெரிடா தெற்கே, மழையும் புல்லுமாக இருக்கும் மவுண்ட் காம்பியரில் வளர்ந்தவள். ராஸ் கடைசியாகப் போனபோது வயிற்றில் பிள்ளையோடு அங்கே தன் அம்மா வீட்டில் இருந்தாள். தாள் எழுதுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"ஷெரில்கிட்ட குடுக்கலாம்," என்றான் கோலின். ஷெரில் அவன் மனைவி. "டெஸ்ஸும் அவகிட்டதானே இருக்கப்போவுது."

"சரி. வியாழக்கிழமை முங்கெரானிக்குத் திரும்பிடுவோம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள போன். இல்லன்னா போலீஸ்." எழுதினாள்.

"எழுதிக்கோ. ஆனா ஷெரில் வெள்ளிக்கிழமைதான் கூப்பிடுவா."

"ஏன்?"

"சேத்து நாள்." கோலின் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டே சொன்னான். "மேல மழை பெஞ்சா தடம் பூரா களியாயிரும். சொன்ன நாள்ல ஒருத்தனும் வர மாட்டான். அதுக்குப் போய் போலீஸைக் கூப்பிட்டு, பிளேன் வந்து பாத்தா இவன் ரோட்ஹவுஸ்ல கால நீட்டி பீர் குடிச்சிட்டு இருப்பான். அதான் பேப்பர்ல என்ன நாள் போட்டிருந்தாலும் சேத்துக்கு ஒரு நாள் விட்டுட்டுத்தான் கூப்பிடறது. பெருசு கேங்குல அதான் சட்டம். இல்ல பெருசு?"

மெர்வ் தலையை ஆட்டினாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒரு தடவ பெருசு சட்டத்த மீறிடுச்சு," கோலினுக்கு உற்சாகம் ஏறியது. "கீத்னு ஒரு சமையல்காரன் எங்க கேங்குல. ஒரு ராத்திரி வரல. பெருசுக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. போலீஸ், பிளேன், எல்லாம். அவன் எங்க இருந்தான் தெரியுமா? எவளோ ஒருத்தி டிரெய்லர்ல! பிளேன் தலைக்கு மேல சுத்துது, இவன் டவலக் கட்டிக்கிட்டு கையாட்டறான். அப்புறம் பப்புல பெருசு உள்ள நுழைஞ்சாலே எல்லாரும் கையை விரிச்சு பிளேன் மாதிரி சுத்துவானுங்க. ஒரு வருஷம்! நானும் சுத்தியிருக்கேன்."

அவன் கைகளை விரித்துக் காட்டினான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்து ஒரு சுற்று சுற்றினான்.

நெரிடா பேனாவை மேசையில் வைத்தாள்.

"எல்லாருமா?" என்று கேட்டாள்.

"எது?"

"எல்லாருமே ஒரு நாள் விடுவாங்களா?"

"ஆமா. வடக்க இருக்கறவன் எல்லாம்." அதைச் சொன்ன பிறகுதான் கோலின் மெர்வின் முகத்தைப் பார்த்தான். விரித்திருந்த கைகளை மெல்ல இறக்கினான். ராஸ் காணாமல் போன வாரம் அவன் குவீன்ஸ்லாந்துப் பக்கம் லோடு ஏற்றிப் போயிருந்தான். தாளைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"மெர்வ்," என்றாள் நெரிடா. "ராஸ் பேப்பர்ல என்ன நாள் போட்டிருந்தது?"

வெள்ளி. ஒரு சொல். பதினேழு மாதத்துக்கு முன் போனில் அவளிடம் சொன்ன அதே சொல். வெள்ளிக்கிழமை ஆறு மணின்னு எழுதியிருந்தான் கண்ணு, ஆறடிச்சதும் போலீஸைக் கூப்பிட்டேன். இன்னொரு தடவை சொன்னால் முடிந்தது. நாக்கு அதற்குப் பழகியிருந்தது.

அந்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு அவர் போனுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஆறே காலுக்குப் பின்கட்டுக்குப் போய் வடக்கே பார்த்தார். அடிவானத்தில் கறுப்பாக மேகம். சேறு, என்று தனக்குத்தானே சொன்னார். ஏழு மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தார். பப்பும், கைகளை விரித்துச் சுற்றும் ஆட்களும் நினைவுக்கு வந்தார்கள். ஒரு நாள்தானே என்று சாப்பிட உட்கார்ந்தார். குளிர்ந்த ஆட்டிறைச்சியும் பீட்ரூட்டும். தட்டைக் காலி செய்தார். அந்த மேகம் ஒரு சொட்டு கூட விடவில்லை என்று பிறகு தெரிந்தது. தாளைப் பார்த்த போலீஸ்காரருக்கு நாள் தெரியும். அவரும் வடக்கத்திக்காரர். சேறுன்னு நினைச்சீங்களாக்கும் என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. போலீஸ் அறிக்கை வந்தபோது நெரிடா உறையைப் பிரிக்கவே இல்லை.

"வியாழன்," என்றார் மெர்வ்.

ஏன் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. தைரியம் எல்லாம் இல்லை. வாய் களைத்துப்போயிருக்கலாம். மடையன் என்ற சொல் இன்னும் மேசை மேல் கிடந்தது.

நெரிடா காலண்டரைப் பார்ப்பது போலச் சுவரைப் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன. அவள் என்ன எண்ணுகிறாள் என்று மெர்வுக்குத் தெரியும். அவரும் தினமும் எண்ணுகிறவர்தான். வியாழன் ஆறு மணிக்குப் போன். வெள்ளி விடியலில் விமானம். வெள்ளி பத்து மணிக்கு ராஸ் வண்டியின் அடியில், உயிரோடு.

"அவனுக்குத் தெரியுமா?" என்றாள். "இந்த சேத்து நாள்?"

"தெரியும்."

"யார் சொல்லிக் குடுத்தது?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"அப்ப வியாழக்கிழமை ராத்திரி அவன் கிளம்பல," என்றாள். குரல் உயரவில்லை. பருப்பு விலை கேட்பது போல இருந்தது. "தண்ணி தீரப்போவுதுன்னு தெரிஞ்சும் கிளம்பல. அப்பா ஒரு நாள் விடுவாருன்னு தெரியும். உங்க நாள உங்களுக்குக் குடுத்துட்டு, வெள்ளிக்கிழமை பூரா உக்காந்திருந்துட்டு, அப்புறம்தான் நடந்திருக்கான்."

"கண்ணு..."

"நான் அவனத் திட்டினேன். பெட்டிக்கு முன்னாடி நின்னு திட்டினேன். நீங்க தோள்ல கைய வச்சுக்கிட்டு நின்னீங்க. அவசரக்காரன்னு சொன்னீங்க."

கோலின் எழுந்தான். "நெரிடா, பெருசு வேணும்னு..."

"உக்காரு கோலின்."

உட்கார்ந்தான். அடுத்த அறையில் டெஸ் ஒருமுறை சிணுங்கிவிட்டு அடங்கினாள். மெர்வின் கண் அந்தக் கதவுப் பக்கம் போனது. வழக்கமாக அவர்தான் போய்ப் பார்ப்பார். நெரிடா அந்தப் பார்வையைப் பார்த்தாள். அவர் எழவில்லை.

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பயணம் செய்பவர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. நடுவில் இருந்த மெர்வ் ஹாஸ்லம் என்பதை அடித்தாள். ஒரே கோடு, நேராக. பிறகு கீழே, தாள் யாரிடம் என்ற இடத்தில் ஷெரிலின் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினாள்.

"நீங்க வரல," என்றாள். "இத நீங்க வச்சிக்கிட்டு இங்க இருங்க. போன் பக்கத்துல."

"என்னால முடியாது கண்ணு. வேற யார்கிட்டயாவது குடு. எனக்கு அந்த இடத்த மட்டும் ஒரு தடவ..."

"வியாழன் ஆறு மணி. ஆறு ஆகி ஒரு நிமிஷம் ஆனா கூப்பிடணும். நாங்க பீர் குடிச்சிட்டு இருந்தாலும் பரவால்ல. ஊரே கைய விரிச்சு சுத்தினாலும் பரவால்ல. என்ன நாள்?"

"நெரிடா."

"என்ன நாள் மெர்வ்?"

"வியாழன்," என்றார்.

தாளை நான்காக மடித்து அவர் சட்டைப் பைக்குள் அவளே வைத்தாள். அவர் தொப்பியை எடுத்து நீட்டினாள். கோலின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல் இன்னும் முங்கெரானியில் இருந்தது.

மெர்வ் வாசலுக்கு வந்தார். அவர் கொண்டுவந்த இரண்டு தண்ணீர்க் கேன்கள் சுவரோரம் நின்றன. காலையில்தான் கழுவிக் காயவைத்திருந்தார். எடுத்துப்போவதா வைத்துவிட்டுப் போவதா என்று ஒரு கணம் நின்றார். வைத்துவிட்டார். அவர்களுக்குத் தேவைப்படும்.

ஈ வராமல் தடுக்கும் வலைக் கதவு அவருக்குப் பின்னால் தானாகவே வந்து அடித்தது. இரண்டு படி இறங்கினார். பிறகு மரக்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அந்தத் தெருவில் பகலில் யாரும் மரக்கதவைச் சாத்துவதில்லை. அந்தப் பூட்டை அவர்தான் போட்டுக் கொடுத்தார், கல்யாணத்துக்கு முந்தின வாரம். எண்ணெய் விடாமல் இறுகியிருக்கும் என்று நினைத்தார். சாவி ஒருமுறை திணறியது, மறுபடி திணறியது. மூன்றாம் முறை திரும்பிப் பூட்டிக்கொண்டது.