தலையில் ஓர் அடி

என் தம்பி கலெவி எதுக்காக ரஷ்ய மொழி படிக்கக் கிளம்பினான்னு லப்பேன்ராந்தா ஊருக்கே தெரியும். அவன் மட்டும்தான் யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தான். நூலகத்துல வேலை பார்க்கிற ராய்சாதான் காரணம். எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவுல பிறந்து வளர்ந்தவ. முப்பது வருஷம் மரலாரி ஓட்டின ஆளு அம்பத்தெட்டு வயசுல புத்தகமும் கையுமா அலைஞ்சா ஊர் சும்மா இருக்குமா? வகுப்புக்குத் தனியாப் போக வெட்கமாம், துணைக்கு என்னையும் சேர்த்துவிட்டான்.

எழுத்தெல்லாம் ரெண்டே வாரத்துல வந்துடுச்சு. வராதது அழுத்தம், சொல்லுல எந்த இடத்தை அழுத்திச் சொல்லணும்கிறது. நம்ம ஃபின்னிஷ்ல எந்தச் சொல்லா இருந்தாலும் தலையிலேயே, முதல் அசையிலேயே, ஒரு போடு போட்டா வேலை முடிஞ்சது. ரஷ்யன்ல அடி எங்கே விழும்னு அந்தச் சொல்லுக்கே வெளிச்சம். புதுசாப் படிக்கிறவங்களுக்கான கதைப் புத்தகத்துல மட்டும், அழுத்த வேண்டிய எழுத்துக்கு மேல ஒரு சின்னக் கோடு இருக்கும். மத்த புத்தகத்துல அது கிடையாது.

மாசத்துல ஒரு சனிக்கிழமை மத்தியானம் நூலகத்துல கதை வாசிக்கிற நிகழ்ச்சி. நடத்துறது ராய்சா. கலெவி பேர் கொடுத்துட்டு வந்து நின்னான்.

“டேய், கோடு போட்ட புத்தகத்தையே வாசிடா.”

“சின்னப் பசங்க புத்தகத்தைத் தூக்கிட்டு அவங்க முன்னாடி நிக்கச் சொல்றியா? மானம் போயிடும்க்கா.”

“கோடு இல்லாம வாசிச்சா மட்டும் மானம் வீட்லயே இருக்குமாக்கும்!”

கேட்டாத்தானே! நிஜமான சிறுகதைப் புத்தகம் ஒண்ணை எடுத்துட்டு வந்து மாசம் பூரா உருப்போட்டான். “இதை ஒழுங்கா வாசிச்சிட்டேன்னா, காபி குடிக்க வர்றீங்களான்னு அவங்களைக் கேட்டுடுவேன்”னான். கிண்டல் பண்ண வாயெடுத்தேன். அவன் மறுபடியும் முதல் பக்கத்துக்கே புரட்டினதைப் பார்த்துட்டு மூடிக்கிட்டேன்.

அன்னிக்கு இருபது பேர் வந்திருந்தாங்க. பாதிப்பேருக்கு ரஷ்யன்தான் தாய்மொழி. கதை சின்னதுதான். ஒருத்தன் ஒருத்தியை நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போறான். சாப்பிட்டு முடிச்சதும் அவ கைப்பையைத் திறக்கிறா. அவன் கம்பீரமாச் சொல்லணும்: “சும்மா இரு லீதா. பிளச்சூ.” அப்படின்னா, நான் பணம் கட்டுறேன்.

என் தம்பி போட்டானே தலையில ஒரு போடு! “சும்மா இரு லீதா. பிளாச்சு!”

அப்படின்னா, நான் அழுறேன். ரெண்டுக்கும் எழுத்து ஒண்ணேதான்.

கூடமே குலுங்குச்சு. ராய்சாவும் சிரிச்சா, கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சா. நான் காதுல விஷயத்தைச் சொன்னதும் கலெவியோட காது ரெண்டும் சிவந்துபோச்சு. மெதுவாப் புத்தகத்தை மூடினான். எத்தனை நாள் அவனை நானே ஓட்டியிருக்கேன், ஆனா அந்த நிமிஷம் சிரிச்சவங்களை ஆளுக்கு ஒரு அறை விடலாம்னு இருந்தது.

“ஏன் மூடிட்டீங்க? அழுதானே, அப்புறம் என்ன ஆச்சு?”ன்னு கேட்டா ராய்சா.

“அவன் அழலைங்க. பணம்தான் கட்டினான். நான்தான் தப்பா…”

“பணம் கட்டுற ஆளோட நான் இருபத்தோரு வருஷம் குடும்பம் நடத்தினேன். போன இடமெல்லாம் அவர்தான் கட்டினார். எங்கம்மா செத்தன்னிக்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. அவர் கதை எனக்குத் தெரியும். நீங்க அழுற உங்க ஆளோட கதையை வாசிங்க.”

கலெவி புத்தகத்தைத் திறந்தான். மிச்சமிருந்த ரெண்டு பக்கத்தையும் சொல்லுக்குச் சொல் தலையிலேயே அடிச்சு வாசிச்சு முடிச்சான். ராய்சா ஒரு இடத்துலகூடத் திருத்தலை.

எல்லாரும் கலைஞ்சாங்க. காபியைப் பத்தி இவன் வாயைத் திறந்தானா? மரம் மாதிரி நின்னான், மடையன். கடைசியில அவளே கம்பளிக் கோட்டை மாட்டிக்கிட்டு வந்து, “காபி குடிக்கப் போலாமா?”ன்னா.

நானும் என் கோட்டை எடுத்தேன். அவன் முறைச்ச முறைப்புல திரும்ப உட்கார்ந்துட்டேன்.