பந்தயத்தில் வைத்த பெர்த்

புத்தியுள்ள மனிதன் எவனாவது தன் கப்பல் பெர்த்தைப் பந்தயத்தில் வைப்பானா? பொதுப்பணித் துறை குமாஸ்தா ஜம்புலிங்கம் வைத்துவிட்டார்!

போர்ட் பிளேரிலிருந்து மெட்ராஸுக்கு மாதம் ஒரு கப்பல்தான். ஐந்து மாதம் காத்திருந்து அதில் ஓர் இடம் பிடித்திருந்தார். மன்னார்குடியில் மனைவி செல்லத்துக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். இவ்வளவும் தெரிந்துதான் போன மாதம் டீக்கடையில் வாயை விட்டார்.

எல்லாம் ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதையால் வந்த வினை. அறுபதே நாளில் உலகைச் சுற்றி வருவதாகச் சவால் விட்டு மெட்ராஸிலிருந்து புறப்பட்ட வாலிபனின் கதை.

"பய கண்டிப்பா வந்துடுவான்" என்றார் ஜம்புலிங்கம்.

"நஹி வருவான்! ஷர்த் போடுறீங்களா, பந்தயம்?" என்றான் ஜெகநாதன். அதே ஆபீஸ், தீவிலேயே பிறந்தவன், பெர்த் வரிசையில் அடுத்த பெயர் அவனுடையது.

"வரலேன்னா என் பெர்த்தை நீயே எடுத்துக்கடா!"

கப்பல் வந்தது. நான்கு வாரத்து இதழ்களும் ஒரே கட்டாகச் சொக்கலிங்கம் டீக்கடையில் இறங்கின. அபர்டீன் பஜாரில் அதற்கென்று ஒரு சட்டம் உண்டு: கடைக்காரர் உரக்கப் படிப்பார், ஒருவரும் பக்கத்தைப் புரட்டி முன்னால் பார்க்கக் கூடாது. நான்காவது இதழின் கடைசி வரியை அவர் படித்தார்:

"அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு மணி நாலு நிமிஷம். பகல் பன்னிரண்டோடு கெடு முடிந்துவிட்டது!"

ஜெகநாதன் பெஞ்சின் மேல் ஏறி ஆடினான்.

"தொடரும்னு போட்டிருக்கேடா!" என்றார் ஜம்புலிங்கம் ஈனஸ்வரத்தில்.

"அடுத்த வாரம் அழுவான் அண்ணே, வேற என்ன? கெடு போச்சா இல்லையா? பெர்த் மாத்த சம்மதக் கடிதம் எழுதுங்க. நாளைக்குக் கப்பல். கப்பல் ஆபீஸ்ல நாலு மணி வரைக்கும்தான் வாங்குவாங்க."

ஜம்புலிங்கம் பேனாவைத் திறந்தார். செல்லத்தின் முகம் கண்ணில் வந்து நின்றது. அப்போதுதான் மூளையும் வேலை செய்தது. கட்டு கப்பலேறியது புதன்கிழமை. புயல் எச்சரிக்கையால் கப்பல் கிளம்பியதோ சனிக்கிழமை. அடுத்த இதழ் மெட்ராஸில் கடைக்கு வந்திருப்பது நடுவில் வெள்ளி! கப்பலில் வந்திறங்கியவர்களில் ஒருவராவது வாங்கியிருக்க மாட்டாரா?

"நாலு மணிக்குள்ள வர்றேன்!" என்று சைக்கிளில் தாவினார்.

ஹேடோவில் ஒரு வங்காளிக் குடும்பம் கையை விரித்தது. பீனிக்ஸ் பேயில் புதிதாக வந்த எலெக்ட்ரீஷியன், "எனக்குச் சினிமாப் பத்திரிகைதான் சார்" என்றான். ஆஸ்பத்திரி மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறியபோது மணி மூன்றேகால். புது நர்ஸ் அலமு அறை வாசலில் டிரங்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை புஸ்தகமா? இருக்கே. ஏன் சார் இப்படி மூச்சு வாங்கறீங்க? படுங்க, பல்ஸ் பார்க்கறேன்!"

"நாடி கிடக்கட்டும்மா. அவன் ஜெயிச்சானா?"

"கதையைச் சொல்லிட்டா படிக்க ருசியிருக்காது சார்."

"என் பொண்டாட்டிக்குப் பிரசவம்மா!"

தொடர்கதைக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அலமுவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் இதழை எடுத்து நீட்டினாள்.

மூன்று ஐம்பதுக்கு ஜம்புலிங்கம் கப்பல் ஆபீஸ் படியில் வந்து விழுந்தார். அங்கே காத்திருந்த ஜெகநாதன் இதழைப் பிடுங்கி வாய்விட்டுப் படித்தான். வாலிபன் கடைசியாகக் கடிகாரத்தைத் திருத்தியது ரங்கூனில். ரங்கூன் மணி ஒரு மணி நேரம் முந்தி. மெட்ராஸில் அப்போது பதினொன்று நாலுதான்!

"தோக்கா! மோசடி!" என்று கத்தினான். மறுபடி படித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "ரங்கூனுக்கு இத்தனை பக்கத்துல இருந்துக்கிட்டு நமக்கே தோணலியே! போங்க அண்ணே, போய்ப் புள்ளை முகத்தைப் பாருங்க. இனிமே கதையை நம்பி எதையும் வைக்காதீங்க."

"உயிர் போய் உயிர் வந்துச்சுடா" என்றார் ஜம்புலிங்கம்.

நேரே தபாலாபீஸுக்குப் போய், புறப்பட்டு வருவதாகச் செல்லத்துக்குத் தந்தி கொடுத்தார். வெளியே வந்ததும்தான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஜெகநாதனையும் இழுத்துக்கொண்டு இட்லிக் கடைக்கு நடந்தார்.