பதினாறு செவ்வாய்க்கிழமைகள்

டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். இனி அவள் முறை. பக்கத்து நாற்காலியில் அப்பா, பஸ் டிப்போவில் வண்டி கழுவும் சட்டையைக்கூட மாற்றாமல், இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வயதிலிருந்து அவள் பார்க்கும் வேலைதான் இது. இந்த நாட்டுக்கு வந்த ஆறாம் மாதமே அவளுக்குப் பாஷை பிடிபட்டுவிட்டது. அப்பா அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகியும் பிடிபடவில்லை. வீட்டுக்காரர், மின்சார ஆபீஸ், பல் டாக்டர் என்று எல்லாருக்கும் நடுவில் அவள்தான் நின்றாள். சித்தி அவளை 'வக்கீலம்மா' என்றே கூப்பிடுவாள். வக்கீலம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிராளி பத்து வார்த்தை சொன்னால் இரண்டுதான் வீட்டுக்கு வந்து சேரும்.

"என்னம்மா சொல்றாரு?"

"கால் புண்ணு சக்கரையால ஆறாம, விஷம் ரத்தத்துல ஏறிடுச்சுப்பா. கிட்னியும் நின்னு போச்சு. மருந்து கேக்கல. இதுக்கு மேல எது செஞ்சாலும் அம்மாவுக்கு வேதனைதான்றாரு. இன்னிக்குப் பொழுது தாண்டாதாம்."

அப்பா தன் கைகளைப் பார்த்தார்.

"எதையும் விடலையே நீ?"

"விடலப்பா."

"அவளுக்கு வலிக்குமான்னு கேளு."

கேட்டாள். வலிக்காமல் பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொன்னார். அதையும் முழுசாகவே சொன்னாள்.

அறையில் அம்மா கண்மூடிக் கிடந்தாள். கட்டுப் போடாத காலைச் சித்தி மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அக்காளும் தங்கையும் ஒரே லாண்டரியில்தான் வேலை. ஓட்டல் படுக்கை விரிப்புகளை ஒன்பது மணி நேரம் நின்றபடியே மடிக்க வேண்டும். காலில் வந்த சின்னக் கொப்புளத்தை ஒரு மாதம் காலுறைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு அம்மா மடித்தாள். கேட்டபோது, "செருப்பு கடிச்சிருக்கு, நாயா கடிச்சுது?" என்றாள்.

அப்பா கட்டிலருகே உட்கார்ந்ததும் சித்தி எழுந்து வெளியே வந்தாள். மகளும் பின்னாலேயே போனாள். வராந்தாவில் ஜன்னலோரம் ஒரு பெஞ்சு கிடந்தது. பத்து மணி வெயிலில் கண் கூசியது.

"சித்தி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி அம்மாவை நான்தானே கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். அன்னிக்கு எனக்குப் பதினோரு மணிக்குப் பரீட்சை. நர்ஸ் என்னென்னமோ விளக்கினாங்க. நான் சக்கரை கொஞ்சம் இருக்காம், இனிப்பைக் குறைச்சுக்கோன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்துட்டேன்."

சித்தி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவங்க சொன்னது அது இல்ல. இன்னும் வியாதி வரல, வாசல்லதான் நிக்குது, இப்பவே பார்த்தா வராமலே தடுத்துடலாம்னாங்க. அதுக்குன்னு வகுப்பு இருக்கு, இலவசம், செவ்வாய்க்கிழமை காலையில, பதினாறு வாரம்னாங்க. பாஷை தெரியாட்டி யாராவது கூட வந்து சொல்லணுமாம். அந்த யாராவது நான்தானே. பதினாறு செவ்வாய்க்கிழமை ஸ்கூலை விடணும். நான் சொல்லவே இல்ல, சித்தி. அவங்க குடுத்த தாளைப் பையில போட்டேன், அப்புறம் அது எங்க போச்சுன்னுகூடத் தெரியல."

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கயும் போகல. உன் பையைத் துவைக்கப் போட்டப்ப அக்கா எடுத்துட்டா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தாளுல கடிகாரப் படம், ஊசிப் படம் எல்லாம் இருந்துச்சா, லாண்டரிக்குக் கொண்டு வந்துட்டா. இஸ்திரி போடுறவளுக்கு நம்ம பாஷை அரைகுறையாத் தெரியும். அவதான் படிச்சுச் சொன்னா. ஞாயித்துக்கிழமை ஷிப்டைத் தலையில வாங்கிட்டு, செவ்வாய்க்கிழமைக்கு ஆளை மாத்திவிட்டுட்டுப் போனா."

"வகுப்புக்கா?"

"நாலு வாரம் போனா. ஒரு எழுத்தும் புரியல. 'அவங்க சிரிச்சா நானும் சிரிச்சேண்டி, அவங்க எழுதினா நானும் கிறுக்கினேன்'னு வந்து சொல்லுவா. பலகையில ஒரு தட்டு வரைஞ்சு பாதிக்குக் காய்கறின்னு காட்டினாங்களாம். அது ஒண்ணு வெளங்குச்சு. அன்னிலேருந்து சோத்தைப் பாதியாக் குறைச்சா, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சோறு போதவில்லை என்றுதான் அம்மா அரை வயிறு சாப்பிடுகிறாள் என்று நினைத்து, அவள் அப்பாவிடம் சண்டை பிடித்தாள்.

"நாலாவது வாரம் ஒவ்வொருத்தரா எழுப்பிப் பேசச் சொன்னாங்களாம். இவ முறை வந்துச்சு. எல்லாரும் இவ வாயையே பார்த்துட்டு இருக்காங்க. இவளுக்குத் தெரிஞ்சது 'நன்றி' ஒண்ணுதான். அதைச் சொல்லிட்டு உக்காந்துட்டா. யாரும் ஒண்ணும் சொல்லல, நல்ல மனுஷங்கதான். இவளுக்குத்தான் உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அதோட போகல."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"நானும் அதைத்தான் சொன்னேன். பொண்ணைக் கூட்டிட்டுப் போயேன்னு. அதுக்கு அவ, 'கேட்டா வந்துடுவா. அதனாலதான் கேக்கல'ன்னா. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. இத்தனை வருஷம் காப்பாத்திட்டேன். இன்னிக்கு..." சித்தி அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தரை துடைக்கும் பெண் அவர்கள் கால்களைத் தாண்டித் துடைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் அம்மாவின் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வரத் தொடங்கியது. அவள் அம்மாவின் காதருகே குனிந்தாள். சொல்ல நிறைய இருந்தது. "அம்மா" என்று மட்டும் சொன்னாள். சித்தி ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, அப்பா இன்னொரு கையைப் பிடித்திருந்தார். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூவரும் காத்திருந்தார்கள். அடுத்தது வரவில்லை.

நர்ஸ் வந்து பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னாள். அப்பா மகளைப் பார்க்கவில்லை, என்ன சொல்கிறாள் என்று கேட்கவும் இல்லை. நர்ஸைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்.

"இவ சிரிச்சா வாயைப் பொத்திக்குவா. முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கு, அதான். பல்லு கட்டிக்கலாம்டின்னா அடுத்த வருஷம்பா. இந்த ஊருல எந்த பஸ் எங்க போகும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது இவதான். நம்பர் தெரியாது, கலரை வச்சுச் சொல்லுவா. ஒரு நாளும் தப்பா ஏறினதில்ல..."

மகள் மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

நர்ஸுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. வாசலில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பொறு என்று கையால் காட்டிவிட்டு, கையுறைகளைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கட்டிலின் மறுபக்கம் இருந்த நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.