வரிசையில் பிஹுவா

பெண்கள் தினத்தன்று உள்ளூர்க்காரர்களுக்கு டிக்கெட் தேவையில்லை என்று சொன்னதால்தான் ஜின்ஷுய், ஊர்ப் பெண்களின் உடையையும் உழைப்பையும் காட்டவென்று கட்டிய அந்தப் பூங்காவுக்குள் கால் வைத்தான். இல்லையென்றால் தன் ஊர்ப் பெண்களைப் பார்க்க எவனாவது டிக்கெட் எடுப்பானா? வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், போதாதா.

அந்த ஒருத்தி, பிஹுவா, வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கே ஒரு சிலை. பூப்போட்ட முக்காடு, மஞ்சள் தொப்பி, தொப்புள் தெரியும் குட்டைச் சட்டை, தோளில் மூங்கில் கழி, கழியில் தொங்கும் கருங்கல் பாளம். முகத்தில் சிரிப்பு.

"கல்லுத் தூக்கிட்டு எவ சிரிச்சா?" என்றாள் பிஹுவா.

"போட்டோவுக்கு நின்னிருப்பா."

"என்னை ஒருத்தனும் போட்டோ எடுக்கல. மேஸ்திரி மட்டும் எடுத்தான், என் கூலியில பாதியை."

அவள் அணைக்கட்டுக்கும் சாலைக்கும் துறைமுகத்துக்கும் கல் சுமந்தவள். ஜின்ஷுய் படகில் போனவன். அந்த ஊரில் ஆண்கள் கடலுக்குப் போவார்கள், கரையில் இருக்கிற எல்லா வேலையும் பெண்கள் தலையில். கல்யாணம் ஆன மூன்றாம் நாள் பெண் தாய்வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பிள்ளை உண்டாகும்வரை அங்கேதான் இருப்பு. திருவிழாவுக்குத் திருவிழா புருஷன் வீட்டுக்கு இருட்டிய பின் வருவாள், விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். விளக்கை ஏற்றவிட மாட்டாள், முகத்தை மூடிய முக்காட்டை அவிழ்க்க மாட்டாள். அப்படி மூன்று வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் இவர்கள்.

அந்த மூன்று வருஷத்தில்தான் ஜின்ஷுய் அந்தக் காரியத்தைச் செய்தான். சந்தையில் சிப்பி விற்ற முக்காட்டுக்காரி ஒருத்தியிடம் விலை பேசி, படியாமல், "திருட்டுச் சிறுக்கி, உன்னைக் கட்டினவன் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனான். கட்டினவன் அவனேதான். பிஹுவா வாயைத் திறக்கவில்லை. மூத்தவன் பிறந்து, இவன் வீட்டோடு வந்து, முதல் கஞ்சியை வைத்தபோது சொன்னாள். அதற்கப்புறம் எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் சிப்பிக் கூடையில்தான் போய் முடியும்.

பூங்காவின் நடுவில் மேடை போட்டு, மைக் பிடித்த ஒரு பெண் கூவிக்கொண்டிருந்தாள். முக்காடு போட்ட எட்டுப் பெண்களில் தன் மனைவியைக் கண்டுபிடிக்கும் கணவருக்கு மின்சாரச் சோற்றுப் பானை பரிசு.

பிஹுவா திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம வீட்லதான் பானை இருக்கே," என்றான்.

"பானைக்கு யாரு போறா? முப்பத்தஞ்சு வருஷம் உனக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். இன்னைக்காவது என்னைத் தெரியுதா பார்க்கிறேன்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா எங்கம்மா வீடு இருக்கு. தம்பி இருக்கான். பழையபடி திருவிழாவுக்குத் திருவிழா வர்றேன். அடுத்த மாசம் முன்னோர் கல்லறையைக் கூட்டிக் கும்பிடுற திருநாளுக்குப் பார்க்கலாம்."

சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் உடை மாற்றும் கூடாரத்துக்குள் போய்விட்டாள். அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. சொன்னால் மூட்டை கட்டிவிடுவாள்.

சற்று நேரத்தில் எட்டுப் பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கண் மட்டும் தெரியும்படி முக்காடு, கண்ணையும் மறைக்கும் தொப்பி. பேசக் கூடாது, நிமிரக் கூடாது. கீழே ஐந்தாறு புருஷன்மார்கள் தங்கள் முறைக்கு நின்றார்கள். முதலில் ஜின்ஷுய்யைத் தள்ளிவிட்டார்கள்.

"மாமா, நிதானமாப் பாருங்க," என்றாள் மைக் பெண்.

நிதானமாகத்தான் பார்த்தான். உயரம் பார்த்தான், எல்லோரும் ஒரே உயரம். கையைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று குனிந்தான். எட்டு ஜோடிக் கையும் ஒரே கை. நகம் சப்பி, முட்டி புடைத்து, உள்ளங்கை தேய்ந்து. தோளைப் பார்த்தான். ஒவ்வொரு தோளிலும் கழி அழுத்திய மேடு துணிக்கு மேல் தெரிந்தது. அத்தனை பேரும் கல் சுமந்தவர்கள். எல்லோரையும் ஒரே தச்சன் இழைத்தமாதிரி வேலை இழைத்து வைத்திருந்தது.

"பிஹுவா," என்றான் மெதுவாக. ஒருத்தியும் அசையவில்லை.

"உன் தம்பி ஒரு உதவாக்கரை." அசைவில்லை. இதற்கு அவள் கட்டாயம் அசைந்திருக்க வேண்டும். ரொம்ப வைராக்கியமாக நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

கடைசியில் தொண்டையைச் செருமி, "கிளம்பும்போது கேஸ் அடுப்பை அணைச்சியா?" என்று கேட்டான்.

ஐந்தாவது பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜின்ஷுய் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "இவதான். ஆயிரம் பேர்ல நிறுத்தினாலும் எனக்குத் தெரியும்."

கீழிருந்து ஒரு தடியன் சொன்னான்: "ஏம்ப்பா, கையை விடு. அது என் பொண்டாட்டி."

அந்தப் பெண் முக்காட்டை இறக்கிவிட்டு, ஜின்ஷுய்யைப் பார்க்கக்கூட இல்லை, தன் புருஷனைத்தான் பார்த்தாள். "அடுப்பை அணைச்சேனான்னு எனக்கே தெரியலங்க. வாங்க, வீட்டுக்கு ஓடலாம்."

கூட்டம் சிரித்து உருண்டது. மைக் பெண் மற்ற ஏழு பேரையும் முக்காட்டை எடுக்கச் சொன்னாள். ஏழிலும் பிஹுவா இல்லை.

கூட்டத்தின் முன்வரிசையில், வீட்டிலிருந்து உடுத்தி வந்த சாம்பல் நிறக் கோட்டோடு, வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றாள் பிஹுவா.

"நீ வரிசையிலயே இல்லையேடி," என்றான் ஜின்ஷுய், மேடையிலிருந்தே.

"இல்ல. அந்தச் சட்டை நேத்துப் பிறந்த பொண்ணுங்களுக்குத் தைச்சது. பித்தான் ரெண்டு தெறிச்சுப் போச்சு, வெளியே வந்துட்டேன். எனக்குப் பதிலா டிக்கெட் கவுண்டர் அம்மாவை நிறுத்தினாங்க."

"அப்புறம் நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"என் பொண்டாட்டி இதுல இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லாதவளைத் தேடிப் பிடிச்சு, ஆயிரம் பேர்லயும் தெரியும்னு சாட்சி வேற."

கீழே நின்ற புருஷன்மார்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

பிஹுவா வாசலைத் தாண்டி, தம்பி ஊருக்குப் போகிற பஸ் நிற்கும் பக்கம் போய் நின்றாள். வீட்டுக்குப் போகிற பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். ஜின்ஷுய் இரண்டு பக்கமும் பார்த்தான். பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவனும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இது எங்கம்மா வீட்டுக்குப் போற வண்டி."

"தெரியும்."

"அங்க உனக்கு என்ன வேலை?"

"பொண்டாட்டி தாய்வீட்டுல இருக்கணும்னுதானே வழக்கம். புருஷன் கூட வரக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"யோவ், வெட்கமா இல்ல? தம்பியை உதவாக்கரைன்னு மைக்ல சொன்னது ஊருக்கே கேட்டுச்சு."

"மைக்லயா?"

"அந்தப் பொண்ணு உன் வாய்கிட்டதான் பிடிச்சிருந்தா."

"சரி. அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். ராத்திரிக்கு என்ன சாப்பாடு இருக்கும்?"

"அவன் பொண்டாட்டி கஞ்சியை அளந்து வைக்கிறவ. நான் ஒருத்தி போனாலே முகத்தைச் சுளிப்பா. ரெண்டு பேர் போனா கதவையே திறக்க மாட்டா."

"அப்ப என்ன செய்யலாம்?"

பிஹுவா வேர்க்கடலைத் தோலை மடியிலிருந்து உதறினாள். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"மூணாவது நிறுத்தத்துல மீன் உருண்டைக் கடை இருக்கு," என்றாள். "இறங்கு. சாப்பிட்டுட்டு எந்த வீட்டுக்குப் போறதுன்னு நான் சொல்றேன். நீ முன்னால நட. நான் பின்னால வர்றேன். திரும்பிப் பார்த்து வேற எவளையாவது கூட்டிட்டுப் போயிடாதே."