கண்ணாடி அலமாரியில் இரண்டு சர்வர்கள்

கண்டெய்னரின் கதவைத் திறந்தபோது டயானா மூக்கைப் பொத்திக்கொள்ள மறந்துவிட்டாள். ஏற்றுமதிக்குப் போக வேண்டிய இறால் பெட்டி பெட்டியாக உருகி, நசநசத்து, பழுப்பு நீராக வழிந்துகொண்டிருந்தது. துறைமுக யார்டில் நின்றவர்கள் எல்லோரும் பின்வாங்கினார்கள். அவள் ஓரமாகப் போய்க் காலையில் குடித்த காபியைக் கக்கினாள். திரேஸ்புரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மீன் நாற்றம் ஒன்றும் புதிதில்லை. இது ஒருவருடைய அசட்டையால் அழுகியது என்பது தெரிந்ததால்தான் அவளுக்கு அப்படிக் குமட்டியது.

"டேட்டாபேஸ் சரியில்ல, ஹாஜியார்," என்று சரக்குக்கு உரியவரான காயல்பட்டினத்து அபுல் ஹஸனிடம் அவளுடைய முதலாளி ரோச் வாய் கூசாமல் சொன்னார். "நம்ம டயானா தேர்ந்தெடுத்தது. சின்னப் பிள்ள, அனுபவம் பத்தாது. வேற ஒண்ணு புதுசா வாங்கிப் போடுதேன்."

தேர்ந்தெடுத்தவள் டயானாதான். அந்த மட்டில் அவர் சொன்னது உண்மை.

ரோச்சின் கம்பெனி செய்துகொடுத்த மென்பொருள்தான் யார்டில் வேலைகளைப் பங்கிட்டுத் தரும். குளிர்க் கண்டெய்னர் வந்து இறங்கினால் மின் இணைப்புக் கொடு, குளிர் குறைந்தால் எலக்ட்ரீசியன் போ, கப்பல் வந்தால் ஏற்று என்று ஒவ்வொரு வேலையும் உரிய ஆளின் போனுக்குப் போகும். அத்தனையையும் நினைவில் வைத்திருப்பது டேட்டாபேஸ். அது எந்த வேலையையும் தொலைக்கக் கூடாது, ஒரே வேலையை இரண்டு பேருக்கு இரண்டு விதமாகச் சொல்லக் கூடாது, ஒரு சர்வர் செத்தாலும் நிற்கக் கூடாது. பலவற்றை ஓடவிட்டு, ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து, கடைசியில் ஒன்றை அவள் பிடித்திருந்தாள். மூன்று சர்வர்களிலும் ஒரே கணக்கு இருக்கும். அவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துக்கொண்டால்தான் வேலை நகரும். தனியாக மாட்டிக்கொண்ட சர்வர் தன் இஷ்டத்துக்கு உத்தரவு போடாமல் வாயை மூடிக்கொள்ளும். அதனால் யார்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, காயல்பட்டினத்தில் அபுல் ஹஸனின் சரக்குக் கிட்டங்கியில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைத்திருந்தாள்.

கடற்கரைக்காரர்கள் புது வள்ளத்தை ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் கடலில் இறக்க மாட்டார்கள். வள்ளக்காரர் மகனான ரோச்சுக்கு சர்வரும் வள்ளம்தான். கிட்டங்கியில் இருந்ததை ரிப்பேர் என்று பொய் சொல்லி எடுத்துவந்து, அலுவலக சர்வரோடு கண்ணாடி அலமாரியில் ஜோடியாக வைத்து ஃபாதரைக் கொண்டு மந்திரிக்கச் செய்தார். அதில் டயானாவுக்கு ஒரு குறையும் இல்லை. அவளுடைய அப்பாவின் வள்ளமும் மந்திரித்ததுதான். ஆனால் மந்திரித்து முடித்த பிறகும் மனிதர் அதைத் திருப்பி அனுப்பவில்லை. பச்சை விளக்குகள் இரண்டு வரிசையாக மினுக்குவதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா, அந்த எடத்துக்கு ஒண்ணு ஆனா எல்லாம் நின்னுரும்." இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"மந்திரிச்சு வச்சிருக்குல்லா, ஒண்ணும் ஆவாது. போளா, போய் வேலயப் பாரு."

மழை வந்தது. தூத்துக்குடியில் நல்ல மழை பெய்தால் சாக்கடை தெருவுக்கு வரும், பிறகு கட்டிடத்துக்குள் வரும். கறுப்புத் தண்ணீர் அலமாரிக்குள் ஏறி இரண்டு சர்வர்களும் செத்தன. யார்டில் மிஞ்சிய ஒன்று, தனக்குச் சொல்லியிருந்தபடியே வாயை மூடிக்கொண்டது. மழையில் மின் இணைப்பு அறுந்து கண்டெய்னரில் குளிர் போய்விட்டது என்ற செய்தி எலக்ட்ரீசியன் பெவினின் போனுக்கு வரவே இல்லை. போன் சொல்லாமல் எதையும் தொடக் கூடாது என்று அவனுக்குக் கண்டிப்பான உத்தரவு. இறால் அழுகியது.

துபாயில் இருக்கும் மச்சானைக் கேட்டு ரோச் பெரிய விலையில் புது டேட்டாபேஸ் ஒன்றை வாங்கினார். டயானா அதையும் சோதித்தாள். நல்ல சரக்குதான். ஆனால் அதற்கும் அதே விதி: மூன்றில் இரண்டு. செத்த சர்வர்களுக்குப் பதில் வந்த இரண்டு புது சர்வர்களும் அதே அலமாரிக்குத்தான் போயின. இந்த முறை அலமாரிக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார். சுவரில் சாக்கடைத் தண்ணீர் ஏறிய கறை அந்தச் செங்கல்லுக்கும் மேலே இருந்தது. அதைக்கூடப் பார்க்காத மனிதரை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

புது சர்வர்களின் மந்திரிப்புக்கு ரோச் அபுல் ஹஸனையும் அழைத்திருந்தார். அவர் வருவதற்கு முன் டயானாவைத் தனியே கூப்பிட்டார். "ஏளா, ஹாஜியார் கேட்டா இனி நின்னு போவாதுன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. வேல வேணும்லா?"

சாமந்தி மாலை போட்ட அலமாரி முன்னால் ஃபாதர் தீர்த்தச் செம்போடு நின்றார். அபுல் ஹஸன் ரோச்சை விட்டுவிட்டு நேரே டயானாவிடம் வந்தார். இறால் போன பிறகு முகம் வற்றியிருந்தது.

"நீ சொல்லும்மா. இந்த டேட்டாபேஸ் நிக்காதுதானே? உன் வார்த்தைய நம்பி மத்த கண்டெய்னரையும் இதுலயே விடுதேன்."

ரோச் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். டயானா மாலையை ஒதுக்கிக் கையை உள்ளே விட்டு, இரண்டு பிளக்குகளையும் பிடுங்கினாள்.

"ஏளா! கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"ஹாஜியார், ஒங்க போனப் பாருங்க," என்றாள். "யார்டுல உள்ள சர்வர் இப்பவும் நல்லாத்தான் ஓடுது. ஆனா வேல குடுக்காது."

அபுல் ஹஸன் பார்த்தார். அவருடைய சரக்குக்கென்று போனில் வரிசையாக வந்துகொண்டிருந்த வேலைகள் அப்படியே நின்றிருந்தன. டயானா பிளக்கைத் திரும்பச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் வேலைகள் மறுபடியும் நகர்ந்தன.

"அன்னைக்கும் இதான் நடந்துச்சு. பழைய டேட்டாபேஸ் மேல ஒரு தப்பும் இல்ல. எத வாங்கினாலும் ரெண்டையும் இங்கனயே வச்சா இப்படித்தான் நிக்கும்."

அபுல் ஹஸன் மெல்லத் திரும்பினார். "ரிப்பேருன்னு எங்க கிட்டங்கில இருந்து எடுத்துட்டு வந்தீரே, அது எங்க இருந்துச்சு, ரோச்?"

ரோச் அலமாரியைப் பார்த்தார், ஃபாதரைப் பார்த்தார். பிறகு, வெட்கம் கெட்ட மனிதர், டயானாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அதுக்குத்தான் ஹாஜியார் இந்த ஏற்பாடே! ஒண்ண ஒங்க கிட்டங்கிக்கு இன்னைக்கே அனுப்புதேன். நாந்தான் இவள இப்படிப் பிடுங்கிக் காட்டச் சொன்னேன். அப்பத்தான் ஒங்களுக்கு வெளங்கும்னு." அவள் பக்கம் குனிந்து, "ஆமான்னு சொல்லுளா," என்று பல்லிடுக்கில் முனகினார்.

ஆமாம் என்றால் வேலை தங்கும். சர்வர் எப்படியும் காயல்பட்டினத்துக்குப் போகப்போகிறது, இனி இறாலும் அழுகாது. அபுல் ஹஸன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்படியாம்மா?"

டயானா தோளில் கிடந்த கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"இல்ல, ஹாஜியார். பேசாம இருன்னுதான் சொன்னாவ."