ஒரு முழம் ஏறிய கலிங்கு

மஹ்பூபா சுமந்துவந்த கல்லைக் கொத்தனாரின் காலடியில் இறக்கிவிட்டு, கலிங்கின் உயரத்தைக் கையால் முழம் போட்டுப் பார்த்தாள். பழைய மட்டத்துக்கு மேல் ஒரு முழம் ஏறியிருந்தது. சிமெண்டு இன்னும் காயவில்லை.

பாலைவன ஓரத்து மத்மாத்தா மலையில் ஓடைக்குக் குறுக்கே படிப்படியாக மண்கரைகள். ஒவ்வொரு கரைக்குப் பின்னாலும் ஒரு துண்டு நிலம், நாலைந்து ஒலிவ மரங்கள். தேங்கியதுபோக மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாகக் கீழ்நிலத்துக்கு இறங்கும். கலிங்கின் மட்டத்தை மாற்றுவதென்றால் மேல்நிலத்துக்காரரும் கீழ்நிலத்துக்காரரும் சேர்ந்து நின்றுதான் கல்லைத் தொடுவார்கள். இந்தக் கரை அவள் கொழுந்தன் துஹாமியுடையது. கீழே இருந்த ஆறு மரங்கள் அவளுடையவை. புருஷன் விட்டுப்போனது அவ்வளவுதான்.

"சார், ஒரு முழம் கூடிப்போச்சு. பெருமழை வந்தா தண்ணி கரைமேல ஏறி அறுத்துரும்."

"ஏம்மா, உங்க நிலத்தை மீட்கத்தானே வந்திருக்கோம்? தண்ணி நின்னாத்தான் மண்ணு பொழைக்கும். வரைபடத்துல உள்ளபடிதான் கட்ட முடியும்," என்றார் சர்க்கார் திட்டத்தின் இஞ்சினியர்.

வரைபடம் போட்டவன் இந்த ஓடையில் ஒரு மழையாவது பார்த்திருப்பானா?

அன்று சாயங்காலமே துஹாமியிடம் போனாள். "கொழுந்தனாரே, நீங்க ஒரு பக்கம் நில்லுங்க, நான் ஒரு பக்கம் நிக்கிறேன். அந்த ஒரு முழத்தை இடிச்சிரலாம்."

அவன் தேநீரை உயரத் தூக்கி ஊற்றியபடி சிரித்தான். "ஏன் மதினி, என் நிலத்துல ஒரு முழம் தண்ணி கூட நின்னா உங்களுக்குப் பொறுக்கலையா? சர்க்கார் வேலை. நான் கை வைக்க மாட்டேன்."

கடப்பாரை அவள் வீட்டிலேயே இருந்தது. ஒருத்தியாகப் போய்க் கலிங்கில் கை வைக்க அவளுக்கு மனம் துணியவில்லை. அந்த மலையில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

அக்டோபரில் ஒரே மத்தியானம் கொட்டித் தீர்த்தது. கலிங்கு வழிவதற்குள் தண்ணீர் உயர்த்தாத மண்கரைமேல் ஏறி, கலிங்கின் இருபக்கமும் அறுத்தது. துஹாமியின் நிலத்தில் மண் போய்ப் பாறை தெரிந்தது. அவளுடைய ஆறு மரங்களும் வேரோடு சாய்ந்தன.

"மதினி..." என்றான் துஹாமி.

"பேசாதீங்க. கடப்பாரையை வீட்ல வெச்சுக்கிட்டு உங்க சம்மதத்துக்குக் காத்துக் கெடந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

ஒன்பதாம் நாள் இஞ்சினியர் வந்தார். இருபக்கமும் கரையில்லாமல் கலிங்கு மட்டும் ஓடையில் தனியாக நின்றது. தட்டிப் பார்த்தார். 'கட்டுமானத்துக்குச் சேதமில்லை' என்று எழுதிக்கொண்டார்.

"அப்ப எங்க கரை போனதுக்கு?" என்றாள் மஹ்பூபா.

"கரையைப் பராமரிக்கிறது ஊர்க்காரங்க பொறுப்பும்மா. வேலை தொடங்கும்போதே ஒப்பந்தத்துல கைநாட்டு வெச்சிருக்கீங்களே. கொஞ்சம் கலிங்குப் பக்கத்துல நில்லுங்க, போட்டோவுல உயரம் தெரியணும்."

மஹ்பூபா அசையவில்லை. அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, சாய்ந்து கிடந்த அவளுடைய ஒலிவ மரத்தின்மேல் ஏறி நின்று, கலிங்கைப் படம் பிடித்தார்.