தோல் நீக்கிய சாம்பிள்

ராஜஸ்தான் பாலைவனத்தில் சோலார் தகடு மாட்டப் போன சுருளிவேல் தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. கல்தான் வந்தது. கூட வேலை பார்க்கும், பக்கத்து ஊரான சிலமலைக்காரர் ஒருவர் அதைப் பையில் சுமந்துவந்து அவன் மனைவி முத்துப்பிரியாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாதுளங்காய் அளவு, அடுப்பில் வெந்ததுபோல் கறுத்த கல். ஒரு பக்கம், ஈர மாவில் விரல் வைத்து அழுத்தியதுபோல் ஒரு குழி.

போனில் சுருளிவேல் விவரம் சொன்னான். மணலில் கிடந்ததாம், காந்தம் ஒட்டுகிறதாம், வானத்திலிருந்து விழுந்ததாய் இருக்குமாம். மதுரையில் கல் ஆராய்கிற பவதாரணி மேடத்துக்கு ஒரு துண்டு அனுப்பி ரகம் கேட்கச் சொன்னான்.

“எரிகல்லுதான்னா, எடுத்தவன் நேர்ல வந்து ஒப்படைச்சுக் கையெழுத்துப் போடணுமாம் பிள்ள. அப்ப மேஸ்திரி லீவு குடுத்துத்தான ஆகணும்?”

அதற்குப் பிறகு அவளுக்குச் சோலி ஓடவில்லை. போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள் அவள். ஏலத்துக்குப் போகிற சாம்பிளில் கறுத்த காய் ஒன்று கிடந்தாலும் மொத்த மூட்டைக்கும் ரகம் இறங்கிவிடும். அந்தப் பழக்கத்தில், மனசில்லாமல் சுத்தியால் தட்டி எடுத்த துண்டின் கறுப்புத் தோலை அரம் போட்டுத் தேய்த்துச் சுத்தமாக்கித்தான் அனுப்பினாள். குழி இருந்த பக்கத்தைத் தொடவே இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பவதாரணி கூப்பிட்டார். உள்ளே கடுகு கடுகாய் உருண்டை மணிகள் இருக்கின்றன, இரும்பும் இருக்கிறது, எரிகல்லேதான் என்றார். காண்ட்ரைட் என்று பெயராம். விழுகிறவற்றில் முக்கால்வாசி அந்தச் சாதாரண ரகம்தானாம்.

“வெளித்தோலை எங்கக்கா காணோம்?”

“கறுப்பா இருந்துச்சுன்னு நாந்தான் எடுத்துட்டேன் மேடம்.”

அந்தப் பக்கம் சிரிப்பு. காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற வேகத்தில் வெந்த தோல் அது, வானத்திலிருந்து வந்ததற்கு அதுதான் சாட்சி என்றார். மிச்சக் கல் அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது, தேய்க்காமல் அப்படியே அனுப்பிவிடுங்கள் என்றார்.

“கையெழுத்துப் போட எங்க வீட்டுக்காரரு என்னைக்கு வரணும்?”

“அவர் வரவேண்டியதில்லக்கா. கல் கிடந்த இடத்தைப் போன்லயே அனுப்பிட்டாரு. அது போதும்.”

முத்துப்பிரியா மடியில் கிடந்த கல்லைப் பார்த்தாள். வானத்திலிருந்து இது வெந்துகொண்டாவது வந்து சேர்ந்துவிட்டது.

“கல்லு இங்கனதான் இருக்கும் மேடம். எடுத்தவரு வந்து குடுப்பாரு.”

பவதாரணி சோலார் கம்பெனியின் பேரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, நேரில் ஒப்படைக்கச் சொல்லி அந்தக் கம்பெனிக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார். லீவு கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

உடனே புருசனுக்குப் போன் போட்டாள்.

“ரகம் தெரிஞ்சுச்சா?”

“சாதாரண ரகந்தானாம். ஆனா நீங்கதான் வந்து குடுக்கணும்.”

“அவங்க சொன்னாங்களா, நீ சொல்றியா?”

“யாரு சொன்னா என்ன. வாங்க.”

அவன் பக்கம் காற்று இரைந்தது. கல்லில் ஒரு குழி இருக்குமே, உடைக்காமல் வைத்திருக்கிறாயா என்று கேட்டான். தன் கட்டைவிரல் அதில் அச்சடித்ததுபோல் உட்காரும் என்றான்.

அவள் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது.